கல்லு ஏத்துனவனுக்குக் கூலி என்ன?

பிரமிடு படம் போட்ட பாடப் புத்தகத்தை விரித்துக் காட்டியபோது எங்கள் அய்யா கேட்டது ஒரே கேள்விதான். "ஏல, இம்புட்டுக் கல்லு ஏத்துனவனுக்குக் கூலி என்னவாம்?"

புத்தகத்தில் அது இல்லை. ராஜா பேர், உயரம், உலக அதிசயம் என்கிற பட்டம், இவ்வளவுதான் இருந்தது. அய்யா கிணறு வெட்டுக் காண்ட்ராக்ட் எடுத்தவர். இடைசெவல், நாலாட்டின்புத்தூர், வில்லிசேரி வட்டாரத்து மானாவாரிக் காடுகளுக்குள் அவருடைய ஆட்கள் இறங்கின கிணறுகள் இன்னும் கிடக்கின்றன. பாதிக்கு மேல் வறண்டவை. மேலே கரிசல், அதற்கடியில் சுக்கான், அப்புறம் பாறை. பாறையில் தமர் அடித்து, மருந்து கெட்டித்து வெடி வைத்தால்தான் கல் பெயரும். பெயர்ந்த கல்லை வடம் கட்டி மேலே இழுக்கிறவன் பாடு இருக்கிறதே, அது கரையில் நின்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட மனுசருக்குப் பிரமிடு என்றால் ராஜா ஞாபகம் வருமா, கூலி ஞாபகம் வருமா?

நான் சரித்திர வாத்தியாராகி வேலை பார்த்த காலம் முழுக்க இந்தக் கேள்வி கூடவே வந்தது. பதில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கிடைத்தது.

பழைய பதில் ஒன்று உண்டு. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எகிப்துக்குப் போன கிரேக்கர் ஹெரோடோட்டஸ், பெரிய பிரமிடைக் கட்ட லட்சம் பேர் முறைவைத்து இருபது வருசம் வேலை செய்தார்கள் என்று எழுதி வைத்தார். வேலையாட்கள் தின்ற முள்ளங்கி, வெங்காயம், பூண்டுக்கு எவ்வளவு செலவு என்று பிரமிடிலேயே எழுதியிருந்ததாகவும் வழிகாட்டி ஒருவன் அவரிடம் சொல்லியிருக்கிறான். அவர் போனபோதே பிரமிடுக்கு ரெண்டாயிரம் வயசு. வழிகாட்டிகள் அன்றைக்கும் கதை விட்டிருப்பார்கள். ஆனாலும் வெங்காயக் கணக்குக் கேட்ட அந்த ஆளை எனக்குப் பிடிக்கும்.

பிறகு சினிமாக்காரர்கள் சவுக்கும் சங்கிலியுமாக அடிமைகளைக் காட்டினார்கள். அதைத் திருப்பிப் போட்டது 1990இல் நடந்த ஒரு தற்செயல். கிசாவின் பெரிய சிங்கச் சிலைக்குத் தெற்கே ஒரு குதிரை மண்சுவரில் கால் இடறியது. தோண்டிப் பார்த்தால் பிரமிடு கட்டியவர்களின் கல்லறைகள். எகிப்தியர் ஜாஹி ஹவாஸ் கல்லறைகளைத் தோண்டினார். அமெரிக்கர் மார்க் லெனர் பக்கத்திலேயே அவர்கள் குடியிருந்த ஊரைத் தோண்டினார். ரொட்டி சுட்ட அடுப்புகள், பீர் வைத்த மண்பாண்டம், மலைமலையாக ஆடுமாட்டு எலும்பு. செத்தவர்களின் முதுகெலும்பு பாரம் தூக்கித் தேய்ந்திருந்தது. அதே சமயம் கை ஒடிந்து, கட்டுப்போட்டு, எலும்பு நேராகக் கூடின அடையாளங்களும் இருந்தன. அடிமைக்கு யாரும் ராஜா பிரமிடின் நிழலில் கல்லறை எழுப்பித் தரமாட்டார்கள். கொத்துக் கொத்தாகப் பிரிந்து வேலை செய்திருக்கிறார்கள்; ஒவ்வொரு கொத்துக்கும் பேர் உண்டு. பெரிய பிரமிடுக்குரிய ராஜா பேரில் 'கூபுவின் கூட்டாளிகள்' என்று ஒன்று. பின்னால் வந்த ராஜா பேரில் 'மென்கௌரேயின் குடிகாரர்கள்' என்று இன்னொன்று. கற்களில் சிவப்பு மையால் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். அய்யாவின் ஆட்களுக்கும் பட்டப்பேர் உண்டு. அதை இங்கே எழுத முடியாது.

2013இல் செங்கடல் கரையில் வாதி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் பிரான்ஸ் தேசத்து பியேர் தாலே பாப்பிரஸ் தாள்களைக் கண்டுபிடித்தார். எழுத்துள்ள பாப்பிரஸ்களில் அவைதான் மிகப் பழையவை. மெரெர் என்ற மேஸ்திரியின் நாட்குறிப்பு அது. நைல் நதிக்கு அக்கரையில் உள்ள தூரா கல்லுக்குழியிலிருந்து வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றிக் கிசாவுக்குக் கொண்டுவந்த கணக்கு. இன்றைக்கு ஏற்றினோம், இன்ன இடத்தில் தங்கினோம், மறுநாள் இறக்கினோம். ராஜாவைப் புகழ்ந்து ஒரு வரி கிடையாது. கூலியாக வந்த தானியக் கணக்கும் அந்தக் கட்டில் இருக்கிறது. நாலாயிரத்து ஐந்நூறு வருசத்துக்கு முந்தின மஸ்டர் ரோல். அய்யா இருந்திருந்தால் காட்டியிருப்பேன்.

கூபுவின் பிரமிடுக்குக் காலம் சுமார் கி.மு. 2560. கட்டும்போது 146 மீட்டர் உயரம், ஒரு பக்கம் 230 மீட்டர், தரையில் அடைத்த இடம் 13 ஏக்கர். சுமார் 23 லட்சம் கல், சராசரியாக ஒரு கல் இரண்டரை டன். இருபது வருசம், நாளைக்குப் பத்து மணி நேரம், லீவே கிடையாது என்று வைத்துக்கொண்டால்கூட இரண்டு நிமிசத்துக்கு ஒரு கல் ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும். வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் கடைசி பெஞ்சும் வாயை மூடும். உள்ளறைக்கு மேலே கிடக்கிற கருங்கல் உத்தரங்கள் சில ஐம்பது டன்னையும் தாண்டும். அவை அஸ்வானிலிருந்து 800 கிலோமீட்டர் ஆற்றில் மிதந்து வந்தவை.

ஒரே தாவலில் இங்கே வந்துவிடவில்லை. கி.மு. 2650 வாக்கில் ஜோசர் ராஜாவுக்கு இம்ஹோதெப் சக்காராவில் ஆறு படி வைத்துக் கட்டினார். அடுத்து ஸ்நெஃபெரு என்பவர் வழவழப்பான சரிவு வேண்டும் என்றார். தாஷூரில் கட்டிக்கொண்டிருக்கும்போதே அடிமண் இளகி விரிசல் விட்டது. பாதியில் சரிவை 54 பாகையிலிருந்து 43 பாகைக்குக் குறைத்துச் சமாளித்தார்கள். முதுகு வளைந்த அந்தப் பிரமிடு இன்றைக்கும் நிற்கிறது. கரிசலில் வீடு கட்டியவனுக்கு இது புரியும். மழைக்கு உப்பி, கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கிற மண்ணில் கடைக்கால் எடுக்கிறவன் சுக்கானைத் தொடாமல் கல் வைக்கமாட்டான். ஸ்நெஃபெரு அடுத்ததாக 43 பாகையிலேயே இன்னொன்று கட்டி ஜெயித்தார். அவர் மகன்தான் கூபு.

இத்தனை வேலையும் செம்பு உளியால் நடந்தது. இதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. இரும்பு உளியே பாறையில் கொஞ்ச நேரத்தில் மழுங்கும்; அய்யா கொல்லன் பட்டறைக்குச் சாயங்காலம் ஒரு கட்டு உளியை அனுப்புவார், காய்ச்சித் தட்டி வர. செம்பு எம்மாத்திரம்? கருங்கல்லைக் கெட்டியான உருண்டைக் கல்லால் இடித்தும், செம்பு ரம்பத்துக்கு மணல் போட்டுத் தேய்த்தும் செதுக்கியிருக்கிறார்கள். எகிப்தில் அன்றைக்கு இரும்பு என்றால் வானத்திலிருந்து விழுந்த கல்தான். கி.மு. 1323 வாக்கில் செத்த துத்தன்காமுன் ராஜாவின் இடுப்பில் கிடந்த இரும்புக் கத்தி, விண்கல் இரும்பு என்று 2016இல் சோதித்துச் சொன்னார்கள். ராஜாவுக்கே வானம் பார்த்துத்தான் இரும்பு.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். இடைசெவலில் பஸ் ஏறிக் கயத்தாறு வழியாகத் திருநெல்வேலி போய், திருச்செந்தூர் ரோட்டில் செய்துங்கநல்லூர், கருங்குளம் தாண்டினால் ஆதிச்சநல்லூர். தாமிரவருணியின் தென்கரையில் ஒரு செம்பரம்பு. 114 ஏக்கர். கூபுவின் பிரமிடு அடைத்த இடம்போலக் கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு. ஆனால் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. உடைமுள், சரளைக்கல், அவ்வளவுதான். எல்லாம் தரைக்குக் கீழே. தாழிகள். வயலுக்கு உதவாத பரம்பைத்தான் செத்தவர்களுக்கு ஒதுக்கினார்கள். நைல்காரர்களும் வண்டல் மண்ணை உழவுக்கு வைத்துக்கொண்டு, மேற்கே பாலைவனத்தில்தான் புதைத்தார்கள்.

1876இல் பெர்லினைச் சேர்ந்த ஜாகோர் இங்கே தோண்டி, கிடைத்ததை ஜெர்மனிக்குக் கொண்டுபோனார். 1899 முதல் சில வருசம் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். இடையில் லூயி லாபிக் என்ற பிரெஞ்சுக்காரர் வந்து தன் பங்குக்குப் பாரிசுக்கு எடுத்துப்போனார். ரீ எடுத்தவை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன: தங்கத் தகட்டு நெற்றிப்பட்டம், சேவலும் எருமையும் நாயும் வைத்த வெண்கலச் சாமான்கள், கூடவே ஏராளமான இரும்பு. வாள், ஈட்டி, அம்புமுனை, மண்வெட்டி. துத்தன்காமுன் இடுப்பில் ஒன்றே ஒன்று கிடந்த சரக்கு, இங்கே பேர் தெரியாத ஆட்களின் தாழியில் செருகிக் கிடந்தது. காலம் பிந்தியது என்பது வாஸ்தவம். ஆதிச்சநல்லூர் கரித்துண்டு ஒன்றின் கணக்கு கி.மு. 905 வரைதான் போயிற்று. ஆனால் சற்றுத் தள்ளியிருக்கிற சிவகளையில் எடுத்த மாதிரிகளை வைத்து, இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிக்கை வெளியிட்டது. அந்தக் கணக்கு நிலைத்தால் கூபுவுக்கு எழுநூறு வருசத்துக்கும் முன்னால் இங்கே கொல்லன் உலை ஊதியிருக்கிறான். இன்னும் சில இடங்களில் இதே காலக்கணக்கு வரட்டும் என்று ஆய்வாளர்கள் சிலர் பொறுமை காட்டுகிறார்கள். காட்டட்டும். மார்தட்டுவதற்கு அவசரம் ஒன்றுமில்லை.

தாழி எப்படி இருக்கும்? நான் கிட்டே இருந்து பார்த்தது அய்யாவின் ஆட்கள் வெட்டிய ஒரு குழியில்தான். கரிசல் முடிந்து செம்மண் தொடங்குகிற மேட்டில் கிணற்றுக்கு வாய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கடப்பாரை 'டங்'கென்று வேறுமாதிரிச் சத்தம் கொடுத்தது. மூடி நொறுங்கிப் போயிருந்தது. வாய் விளிம்பு ரெண்டு விரல் கனம். வெளியே சிவப்பு, உடைந்த இடத்தில் உள்மண் சாம்பல் கறுப்பு, சூளையில் முழுக்க வேகவில்லை. கழுத்தைச் சுற்றிக் கயிறு கட்டினதுபோல ஒரு மண்பட்டி ஒட்டி, அதில் வரிசையாகப் பெருவிரலை அழுத்தியிருந்தார்கள். பள்ளங்கள் சின்னதாக இருந்தன. குயவனின் வீட்டுப் பெண்ணோ பிள்ளையோ போட்ட வேலையாக இருக்கலாம். உள்ளே மண் நிரம்பி, அதற்கடியில் கறுப்பும் சிவப்புமாகப் பளபளவென்று ரெண்டு கலயம், கால் எலும்பு, துருப்பிடித்து உப்பிப்போன ஏதோ ஒரு இரும்பு.

திரிகையில் வைத்து வனைகிற உருப்படி இல்லை அது. அவ்வளவு பெரிய பாண்டத்தைத் திரிகை தாங்காது. மண்ணைத் திரித்துச் சுற்றுச் சுற்றாக ஏற்றி, ஒரு சுற்றுக் காய்ந்து இறுகின பிறகு அடுத்ததை வைத்து, கையாலேயே எழுப்ப வேண்டும். எங்கள் வீட்டில் கம்பும் சோளமும் கொட்டிவைத்த குலுக்கையைப் பாட்டி அப்படித்தான் போட்டாள். வரகு வைக்கோல் போட்டு மிதித்த மண், வளையம் வளையமாக. குலுக்கை வெயிலில் காய்ந்தால் போதும், தாழியைச் சுட வேண்டும். அந்த ஒன்றுதான் வித்தியாசம். தாழிக்குள்ளும் தானியம் வைத்ததுண்டுதானே.

"மதமதக்கத் தாழி" என்று ஆட்கள் சொன்னார்கள். அதற்கு ஒரு கதையும் வந்தது. அந்தக் காலத்தில் யாருக்கும் சாவே கிடையாதாம். வயசாக வயசாகச் சுருங்கிக்கொண்டே போவார்களாம். கடைசியில் பூனைக்குட்டி அளவுக்கு ஆனவர்களை விளக்கு மாடத்தில் தூக்கி வைப்பார்களாம். அதற்கும் மேலே போனால் என்ன செய்வது? சோறும் தண்ணீரும் விளக்கும் வைத்துத் தாழியில் இறக்கி மூடிவிடுவார்களாம். கரிசல் பூமியில் வீட்டுக்கு வீடு இந்தக் கதை உண்டு. கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர்க்காரன் கதையைத் தட்டிக் கழிக்கமாட்டான். ஆனால் எலும்பு சொல்வது வேறு: குழந்தையும் உண்டு, இளவட்டமும் உண்டு. முழு உடலைக் குத்தவைத்ததும் உண்டு, வெளியே போட்டு மக்கின பிறகு எலும்பைப் பொறுக்கி வைத்ததும் உண்டு. செத்தவர்களை அனுப்ப ஐந்து வழி இருந்ததாக மணிமேகலை சொல்லும். தாழியில் கவிப்பது அதில் ஒன்று.

அன்றைக்கு அய்யா சூடம் கொளுத்தி, கைப்பிடி கம்பு போட்டு, குழியை மூடச் சொன்னார். கிணற்று வாயைப் பத்தடி தள்ளி மாற்றினார். ஒரு நாள் கூலி நட்டம். "அவனும் நம்மள மாதிரி மம்பட்டி பிடிச்சவனாத்தான் இருப்பான்" என்றார்.

புறநானூற்றில் 228ஆம் பாட்டு ஐயூர் முடவனார் பாடியது. கிள்ளிவளவன் செத்துப்போனான், அவன் புகழுக்குத் தகுந்த அளவில் தாழி வேண்டுமானால் பூமியையே திரிகையாக்கி, மேருமலையையே மண்ணாகக் குழைக்க வேண்டும், உன்னால் முடியுமா என்று புலவர் குயவனைப் பார்த்துக் கேட்கிறார். பரிதாபப்பட்டுத்தான் கேட்கிறார். எனக்கு இந்தப் பாட்டு முக்கியமாகப் படுவதற்குக் காரணம் உண்டு. கூபுவின் மந்திரி இதே யோசனையை நிஜமாகவே செய்து பார்த்தான். ராஜாவின் பெருமைக்குத் தக்க அளவில் கல்லை அடுக்கினான். சோழநாட்டில் அது பாட்டோடு நின்றுவிட்டது. ராஜாவுக்கும் ஒரு குயவன், ஒரு சூளை, ஒரு தாழி. 256ஆம் பாட்டில் ஒரு பெண் அதேபோலக் குயவனிடம், செத்தவனோடு நானும் சேர்ந்து போகிற மாதிரி வாய் அகலமாகச் செய் என்கிறாள். ஆர்டர் கொடுத்துச் செய்கிற சாமான். எல்லோரும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. தங்கப் பட்டம் கட்டின தாழியும் உண்டு, ஒற்றைக் கலயம் வைத்த தாழியும் உண்டு.

கூலிக்குத் திரும்ப வருகிறேன். பிரமிடு கட்டுகிற வழக்கம் ராஜாக்களிடம் நின்றுபோய், குன்றைக் குடைந்து புதைக்கிற காலம் வந்தது. மூன்றாம் ராம்செஸ் ஆட்சியில், கி.மு. 1150களில், கல்லறை குடைகிறவர்களுக்கு அளக்க வேண்டிய தானியம் பாக்கி விழுந்தது. அவர்கள் வேலையைப் போட்டுவிட்டுக் கோயில் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பசிக்கிறது, அளக்கிறதை அள என்றார்கள். எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் அதுதான். எழுதிவைத்த தாள் இன்று இத்தாலியில் தூரின் நகரத்தில் இருக்கிறது. தீப்பெட்டி ஆபீசும் மில்லும் பார்த்த கோவில்பட்டிக்காரனுக்கு விளக்க வேண்டாம். கிட்டத்தட்ட அதே வருசங்களில் சிவகளையில் ஒரு தாழிக்குள் யாரோ நெல்லைப் போட்டு மூடினார்கள். அந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அங்கே உயிரோடு இருந்தவனுக்குத் தானியம் இல்லை. இங்கே செத்தவனுக்கு அள்ளி வைத்திருக்கிறார்கள்.

ரெண்டு ஊருக்கும் நேரடி வழியும் பிற்காலத்தில் வந்தது. செங்கடல் கரையில் குசேர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகத்தில் 'பானை ஒறி' என்று தமிழ்ப் பிராமியில் எழுதின ஓடு கிடைத்தது. பானை தொங்கவிடுகிற உறிதான். கி.மு. முதல் நூற்றாண்டு வாக்கில் அங்கே உறியோடு போன ஆள், நைல் பக்கமும் போய்ப் பிரமிடை அண்ணாந்து பார்த்திருந்தால், அவனுக்கும் அது இரண்டாயிரத்து ஐந்நூறு வருசத்துப் பழசுதான்.

பிரமிடில் உலகம் ஏன் இப்படி மயங்குகிறது? கண்ணுக்குத் தெரிகிறது, அதுதான் முதல் காரணம். 3,800 வருசம் மனுசன் கட்டினதில் அதைவிட உயரமாக ஒன்று உலகத்தில் இருந்ததில்லை. இரண்டாவது, அது காலி. உள்ளறையில் மூடியில்லாத கல்பெட்டி மட்டும் கிடக்கிறது, ராஜா இல்லை. காலி இடத்தில் ஆளாளுக்கு இஷ்டப்பட்டதை வைத்துவிடலாம். வேற்றுக்கிரகக்காரன் கட்டினான் என்று ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டு திரிகிறது. மெரெரின் நாட்குறிப்பு கிடைத்த பிறகும் சொல்கிறார்கள். கல் சுமந்தவன் பேரையும் சேர்த்துத் திருடுகிற வேலை இது. இத்தனைக்கும் கூபுவின் பேர் போட்டு முழுசாகக் கிடைத்த ஒரே சிலை, 1903இல் பீட்ரி அபிடோசில் எடுத்த தந்தப் பொம்மை. ஏழரை சென்டிமீட்டர். சுண்டுவிரல் நீளம் கொஞ்சம் கூட.

தாழிக்கு இந்த ரெண்டு யோகமும் இல்லை. தெரியாது, காலியாகவும் இல்லை. அதனால்தான் உடைகிறது. ஆதிச்சநல்லூரில் 2004இல் தொல்லியல் துறை சத்தியமூர்த்தி தலைமையில் தோண்டி நூற்றறுபதுக்கு மேல் தாழி எடுத்தார்கள். அறிக்கை வர வருசக்கணக்கில் இழுத்து, விஷயம் கோர்ட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. 2020 மத்திய பட்ஜெட்டில் பேர் வந்தது. 2021இல் மறுபடி தோண்டினார்கள். 2023 ஆகஸ்டில், தோண்டின குழிக்கு மேலேயே கண்ணாடித் தரை போட்டு, தாழியைக் கிடந்தபடி பார்க்க வழி செய்தார்கள். நல்ல காரியம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை மைசூருக்கும் ஊட்டிக்கும் கூட்டிப்போகிற வாத்தியார்கள், ஒரு தடவை திருச்செந்தூர் ரோட்டில் இறங்கிக்கொள்ளலாம்.

ஆதிச்சநல்லூர் தப்பித்துவிட்டது. தப்பாதது நம்ம காட்டில் கிடக்கிறதுதான். இப்போது கிணறு வெட்ட ஆள் இறங்குவதில்லை; ஜேசிபி இறங்குகிறது. கடப்பாரைக்குச் சத்தம் மாறினால் கைக்குத் தெரியும். ஜேசிபி பக்கெட்டுக்கு ஒன்றும் தெரியாது. சரளைக்குச் செம்மேட்டைக் கரைத்து லாரியில் ஏற்றுகிறபோது எத்தனை தாழி ரோட்டுக்கு அடியில் போயிற்றோ.

ஆகவே கரிசல் காட்டு சம்சாரிமாருக்கும் ஜேசிபி ஓட்டுகிற தம்பிமாருக்கும் சொல்கிறேன். செம்மண் மேட்டில் கனத்த ஓடும், கறுப்புச் சிவப்புக் கலயமும் தட்டுப்பட்டால் வண்டியை நிறுத்துங்கள். உள்ளே புதையல் இருக்கும் என்று கை விடாதீர்கள். பெரும்பாலும் எலும்பும் துருவும்தான் இருக்கும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பழம்பொருள் மண்ணுக்குள் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்று 1878ஆம் வருசத்துப் புதையல் சட்டமே சொல்கிறது. முதல் வேலையாக உங்கள் ஊர் வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்கள். அவர் தாசில்தாருக்கு எழுதுவார். ஒரு நாள் வாடகை நட்டமாகும். பரவாயில்லை, நிறுத்துங்கள்.